ஏழு விருத்திக்கும் ஒரே குளிகையா?

விரையில் வலி தொடங்கி மூன்று மாதம் தாண்டிவிட்டது. ஸ்கேன் எடுத்தாயிற்று, சிறுநீரைச் சோதித்தாயிற்று, இரண்டு சுற்று ஆன்டிபயாடிக்கும் விழுங்கியாயிற்று. 'ஒன்றுமில்லை' என்று சொல்லி மருத்துவர் அனுப்பிவிட்டார். வலி மட்டும் போகவில்லை. இப்படித் தவிக்கும் ஆணுக்கு உறவும் நட்பும் செல்பேசித் திரையும் ஒரே குரலில் சொல்லும் அறிவுரை இதுதான்: "இது வாதம். இங்கிலீஷ் மருந்தால் அடக்கத்தான் முடியும், ஆயுர்வேதம்தான் வேரோடு எடுக்கும். பக்கவிளைவும் கிடையாது." படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் நம்பப்படும் கருத்து இது. இது தவறு. இதில் ஆயுர்வேதத்தின் பெயரைச் சொல்லி ஆயுர்வேதத்துக்கே இழைக்கப்படும் அநீதி ஒன்றும் உண்டு.

எதிர்த்தரப்பை முதலில் அதன் முழு வலுவோடு எடுத்துவைப்போம். நாள்பட்ட விரைவலியில் நவீன மருத்துவத்தின் கை ஓங்கியிருக்கவில்லை, இது உண்மை. இத்தகைய நோயாளிகளில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை வலிக்கு எந்தக் காரணமும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. கிருமித்தொற்றுக்கான சான்றே இல்லாமல் ஆன்டிபயாடிக் எழுதுவது வழக்கமாகிவிட்டது. கடைசி முயற்சியாக விரையையே அறுத்து எடுத்த பிறகும் வலி தீராதவர்கள் இருக்கிறார்கள். ஆயுர்வேதமோ உடலை முழுமையாகப் பார்க்கிறது என்கிறார்கள். அடிவயிற்றை ஆளும் அபான வாயு, மலச்சிக்கலாலும் இயற்கை வேகங்களை அடக்குவதாலும் தடைபட்டுத் திசைமாறி விரைப்பைக்குள் புகுகிறது. விளக்கெண்ணெயும் கஷாயமும் தைலமும் எனிமாவான வஸ்தியும் அதை நெறிப்படுத்தினால் வலி தானே அடங்கும். நூற்றாண்டுகளின் அனுபவம் இதற்குப் பின்னால் இருக்கிறது, குணமானவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மருந்தோ மூலிகை, மென்மையானது. கூச்சப்பட வேண்டிய சோதனைகளும் இல்லை. சுருக்கமாக, வாதம் பற்றிய வாதம் இதுதான். இனி ஒவ்வொன்றாக.

1. பெயர் வைத்துவிட்டால் நோயைக் கண்டுபிடித்ததாகிவிடுமா? 'இந்த வலி வாதத்தால் வந்தது' என்ற வாக்கியம் காரணத்தைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ஆனால், வாதமில்லாமல் வலியே இல்லை என்பது ஆயுர்வேதத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. அப்படியானால் பல்வலியும் வாதம், தலைவலியும் வாதம், முள் குத்திய கால்வலியும் வாதம். விரைவலியை வாதம் என்பது, 'வலி இருப்பதால் வலிக்கிறது' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. மூலகாரணத்தைப் பிடிப்பதாகச் சொல்லும் முறை, இந்த இடத்தில் காரணத்தைத் தேடும் வேலையையே நிறுத்திவிடுகிறது. நோயாளி கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த உறுப்பிலிருந்து, எதனால் வருகிறது இந்த வலி? கருவில் விரை உருவாகும் இடம் சிறுநீரகத்தின் பக்கத்தில். பிறகுதான் அது கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டே வருகிறது. அதனால்தான் சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல், விரையில் ஒரு கோளாறும் இல்லாதபோதும், விரையில் வலிக்கிறது. முதுகெலும்பில் நசுங்கும் நரம்பும் அங்கே வலியைக் காட்டலாம். இடதுபக்கச் சிரைகள் புடைத்துக்கொள்ளும் வேரிகோசீல், பதினைந்து விழுக்காடு ஆண்களிடம் இருப்பது. மாலை நேரத்தில் இழுத்துப்பிடிக்கும் மந்தமான வலி அதன் இயல்பு. விரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் காசநோய் குடியேறி, மாதக்கணக்கில் முடிச்சுமுடிச்சாய்க் கெட்டியாவது நம் நாட்டில் அரிதல்ல. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட ஆண்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு நீடித்த வலி தங்கிவிடுகிறது. குடலிறக்க அறுவையின்போது நரம்பு மாட்டிக்கொண்டாலும் அதே கதை. விரை அவ்வப்போது முறுக்கிக்கொண்டு தானே பிரிந்துவிடும் நிலையும் உண்டு. வலி வந்து வந்து போகும், ஒரு நாள் பிரியாமல் நின்றுவிடும். இத்தனைக்கும் 'வாதம்' என்று ஒரே சீட்டை ஒட்டி ஒரே குளிகையைக் கொடுப்பது எந்த வகை முழுமைப் பார்வை?

2. மூல நூலைத் திறந்து பார்த்தவர்கள் இப்படிப் பேசுவார்களா? சுசுருத சம்ஹிதையின் நோயறிதல் பகுதியான நிதான ஸ்தானத்தில் பன்னிரண்டாம் அத்தியாயம் விரைப்பை வீக்கங்களை 'விருத்தி' என்ற பெயரில் ஏழாகப் பிரிக்கிறது: வாதம், பித்தம், கபம், ரத்தம், கொழுப்பு, மூத்திரம், குடல் ஆகியவற்றால் வருபவை. ஒவ்வொன்றையும் அது அடையாளம் காட்டும் விதம் கவனிக்கத்தக்கது. வாத விருத்தி, காற்றடைத்த பைபோல் விறைத்துச் சொரசொரப்பாக இருக்கும், காரணமில்லாமல் வலிக்கும். மூத்திர விருத்தி, நடக்கும்போது நீர் நிறைந்த தோற்பைபோல் தளும்பும். கொழுப்பால் வருவது பனங்காய்போல் தோன்றும், மிருதுவாக இருக்கும். கபத்தால் வருவது கெட்டியாக, குளிர்ச்சியாக, அதிகம் வலியில்லாமல் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை நேரில் பார்த்து, கையால் தொட்டால் மட்டுமே தெரியக்கூடியவை. அந்த நூலை எழுதியவர்களுக்கு நோயறிதல் என்பது விரல்நுனி வேலை. இன்று அதே நூலின் பெயரால் விற்பவர்களோ, தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு மூன்று மாத மருந்தைக் கூரியரில் அனுப்புகிறார்கள்.

சிகிச்சையிலும் இதே கதைதான். மூத்திர விருத்தி என்று சுசுருதர் சொல்வது நாம் விரைவீக்கம், ஓதம், ஹைட்ரோசீல் என்று பலவாறாகச் சொல்லும் நீர்கோத்த நிலை. அதற்கு அவர் பரிந்துரைப்பது குளிகை அல்ல. துளைக்கும் கருவியால் குத்தி, இருவாய்க் குழாய் செருகி நீரை வடித்து, கட்டுக் கட்டச் சொல்கிறார். குடல் இறங்கி விரைப்பைக்குள்ளேயே வந்துவிட்டால் கைவிட வேண்டிய நோய் என்று ஒப்புக்கொள்கிறார். தன் எல்லை எதுவென்று வெளிப்படையாகச் சொன்ன அந்த நேர்மை இன்றைய விளம்பரங்களில் எங்கே? 'அறுவையில்லாமல் குடலிறக்கம், விரைவீக்கம் குணம்' என்று சுவரில் எழுதுபவர் மரபைக் காப்பவர் அல்லர், மரபை மீறுபவர். சட்டத்தையும் மீறுபவர்: 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று பட்டியலிட்ட நோய்களில் ஹைட்ரோசீலும் ஒன்று. அந்தப் பட்டியல் நவீன மருத்துவ விளம்பரத்துக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுசுருதருக்குத் தெரிந்திருக்க முடியாத ஒன்றும் உண்டு. விரைவீக்கத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று, சாக்கடைக் கொசு பரப்பும் யானைக்கால் புழு. கும்பகோணத்துக்கும் கடலோர மாவட்டங்களுக்கும் இந்த நோய் தலைமுறைகளாகப் பழக்கம். இந்தப் புழுத்தொற்றால் விரைவீக்கம் வந்து துன்பப்படும் ஆண்கள் உலகில் இரண்டரைக் கோடிப் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. புழுவைக் கட்டுப்படுத்தியது வீடுவீடாக வந்து கொடுத்த டிஇசி மாத்திரை. ஏற்கெனவே கோத்துவிட்ட நீருக்குத் தீர்வு சிறிய அறுவை. கழற்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம். சூட்டில் கொஞ்சம் சுகம் கிடைக்கலாம். கொசுவுக்கும் புழுவுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

3. "குணமானவர்கள் இருக்கிறார்களே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?" இதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாள்பட்ட வலி ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். மனிதர் மருந்து தேடிப் போவது வலி உச்சத்தில் இருக்கும்போது. அந்த உச்சத்துக்குப் பிறகு எதைத் தின்றாலும் வலி குறையத்தான் வாய்ப்பு அதிகம். குறைந்ததும் பேர் வாங்குவது அப்போது கையில் இருந்த மருந்து. இந்தக் குறைவு எவ்வளவு பெரியதாக இருக்க முடியும்? விரைவலிக்கு நெருங்கிய உறவான நாள்பட்ட இடுப்புக்குழி வலியில், மகரந்தச் சாறு ஒன்றை 139 ஆண்களிடம் 12 வாரம் சோதித்த ஜெர்மானிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சாறு தின்றவர்களில் 70 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டோருக்கு முன்னேற்றம். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை தின்றவர்களில்? சரிபாதி, 50 விழுக்காடு. வெற்று மாத்திரையை விற்பவர்கூட நூறு பேரில் ஐம்பது பேரைச் சாட்சிக்கு நிறுத்த முடியும் என்பது இதன் பொருள். ஊருக்கு நாலு சாட்சி என்பது இதற்கு முன் எம்மாத்திரம்?

இந்த அளவுகோல் ஆயுர்வேதத்தை மட்டும் அடிக்கச் செய்த பிரம்பு அல்ல. அதே இடுப்புக்குழி வலிக்கு மருத்துவர்கள் வாடிக்கையாக எழுதிவந்த சிப்ரோஃப்ளாக்சசினையும் டாம்சுலோசினையும் வட அமெரிக்காவில் 196 ஆண்களிடம் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். வெற்று மாத்திரையை விட இரண்டும் மேலாக நிற்கவில்லை. கோடிக்கணக்கில் விற்ற நவீன மருந்துகளே அந்தத் தராசில் எடை குறைந்து போயின. மகரந்தச் சாறோ, ஒரு தாவரப் பொருளாக இருந்தும், அதே தராசில் நின்று 20 புள்ளி வித்தியாசம் காட்டியது. ஆகவே 'மேற்கத்திய ஆராய்ச்சி மூலிகையை ஏற்காது' என்ற புலம்பலுக்கு இங்கே இடமில்லை. விரைவலிக்குக் கொடுக்கப்படும் சந்திரபிரபா வடியும் சுகுமார கஷாயமும் அந்தத் தராசில் ஏறட்டும். ஏறி நின்றால் எழுதிக்கொடுக்க எந்த மருத்துவரும் தயங்க வேண்டியதில்லை.

4. "ஒவ்வோர் உடலுக்கும் தனித்தனி மருந்து கொடுக்கும் முறையை உங்கள் சோதனையில் அடைக்க முடியாது" என்பார்கள். முடியும், செய்தும் காட்டியாயிற்று. அதுவும் கோயம்புத்தூரிலேயே. முடக்குவாதத்துக்கு ஆயுர்வேதம், நவீன மருந்தான மெதோட்ரெக்சேட், இரண்டும் சேர்ந்தது என மூன்று பிரிவாக 43 நோயாளிகளைப் பிரித்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாமல், அளவிடும் மருத்துவருக்கும் தெரியாமல் 36 வாரம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. வைத்தியர்கள் வழக்கம்போல் ஆளுக்கேற்ற மருந்தைத்தான் கொடுத்தார்கள். மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் காட்டின. சிறிய ஆய்வுதான், முடிந்த முடிவல்ல. ஆனாலும் வழி இருக்கிறது என்று காட்டிவிட்டது. மூட்டுவலிக்கு முடிந்தது விரைவலிக்கு ஏன் முடியாது? மரபு நூல்களில் உள்ள மருந்துக்கு உரிமம் பெற, அது வேலை செய்கிறதென்று புதிதாக நிரூபிக்க வேண்டியதில்லை, நூலில் இருப்பதே போதும் என்று நம் விதிகள் சலுகை தருகின்றன. நிரூபிக்காமலே விற்க முடியும்போது நிரூபிக்கச் செலவழிப்பவர் யார்?

5. மூலிகைதானே, என்ன கெட்டுவிடும்? விரைவீக்கம், குடலிறக்கம் என்றாலே கைக்கு வருவது விருத்திவாதிகா வடி. அதன் மரபுச் சேர்மானத்தை வாசித்துப் பாருங்கள்: சுத்தி செய்த பாதரசம், கந்தகம், இரும்பு, வெள்ளீயம், செம்பு, வெண்கலம், அரிதாரம், மயில்துத்தம், சங்கு, பலகறை. பிறகுதான் திரிகடுகும் திரிபலாவும் வருகின்றன. அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த தாது. பாதரசமும் அரிதாரமும் மயில்துத்தமும் மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் அட்டவணையில் இருப்பவை. மருத்துவ மேற்பார்வையில்தான் உண்ண வேண்டும் என்று டப்பாவில் அச்சிட வேண்டும் என்பது விதி. இதை 'மூலிகை' என்று அழைப்பவர் ஒன்று டப்பாவைப் படிக்கவில்லை, அல்லது படித்ததை மறைக்கிறார். பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004-இல் ஓர் ஆய்வு சொன்னது. இணையத்தில் வாங்கிய 193 பொருட்களை ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டின் ஆய்விலும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அவை இருந்தன. உலோகமும் தாதுவும் சேர்த்தே செய்யப்படும் ரசமருந்து வகையில் நூற்றுக்கு நாற்பது. மற்றவற்றிலும் நூற்றுக்குப் பதினேழு.

முறைப்படி சுத்தி செய்து புடமிட்டால் நஞ்சு அமிர்தமாகும் என்பது வழக்கமான பதில். கந்தகத்தோடு பிணைந்த பாதரசம் உடலில் எளிதில் கரையாது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கேள்வி கோட்பாட்டைப் பற்றியதல்ல, கையில் இருக்கும் டப்பாவைப் பற்றியது. இந்தத் தொகுதியை யார் புடமிட்டார், எத்தனை முறை, யார் சோதித்தார்? மாதக்கணக்கில் தின்றால் என்னவாகும்? ஈயம் விந்தணுவைக் கெடுக்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட உண்மை. விரையைக் காப்பாற்ற வாங்கிய மருந்து விரையையே தாக்கக்கூடும் என்பதை வாங்குபவர் அறிய வேண்டாமா?

6. கூச்சத்தைக் காப்பதும் ஒரு சேவையா? 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று தொடங்கும் லாட்ஜ் வைத்தியர்களின் அழைப்பை அறியாத தமிழர் இல்லை. அவர்களை ஆயுர்வேதத்தின் கணக்கில் எழுதுவது நியாயமல்ல. முறையாகப் பயின்ற வைத்தியர்களே அவர்களால் தலைகுனிகிறார்கள். ஆனால் அந்த வியாபாரம் பிழைப்பது எந்த மனநிலையில்? வேட்டியை விலக்கிக் காட்டக் கூசும் ஆணுக்கு, காட்டவே வேண்டாம் என்ற வாக்குறுதி இனிக்கிறது. அந்த இனிப்புக்குள்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. விரைப் புற்றுநோய் பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள் வருவது. நம் நாட்டில் அரிதுதான். வலியில்லாத கெட்டியான கட்டியாகத் தொடங்குவதே அதிகம், சிலருக்கு மந்தமான வலியாகவும் கனமாகவும் தோன்றும். சுசுருதர் கப விருத்திக்குச் சொன்ன குறி, கெட்டியாக இருப்பதும் அதிகம் வலிக்காததும், நினைவிருக்கிறதா? இன்று அந்தக் குறியைத் தொட்டறியும் மருத்துவர் உடனே ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புவார். தொடக்கத்தில் பிடித்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் பிழைக்கும் புற்றுநோய் இது. அதைத் தொடாமலே மூன்று மாதக் கஷாயத்தில் கழிப்பது கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை.

அப்படியானால் ஆயுர்வேதத்துக்கு இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது, சொல்லப்படுவதைவிடச் சிறிய, ஆனால் மதிப்புள்ள வேலை. குதிரையேற்றம், கடும் உடற்பயிற்சி, இயற்கை வேகங்களை அடக்குதல், நெடுநேரம் உட்கார்ந்திருத்தல், பட்டினி, செரிக்கக் கடினமான உணவு ஆகியவற்றை விருத்தி நோயாளி தவிர்க்க வேண்டும் என்கிறது சுசுருத சிகிச்சை. குதிரையின் இடத்தில் பைக்கை வைத்தால், இன்றைய மருத்துவர் சொல்லும் அறிவுரையிலிருந்து அது வெகுதூரத்தில் இல்லை. மலச்சிக்கலை நீக்குவதும், இடுப்பிலும் தொடையிலும் வெதுவெதுப்பான தைலம் தடவித் தசை இறுக்கத்தைத் தளர்த்துவதும், விரைக்குத் தாங்கல் கொடுக்கும் லங்கோடும் காரணம் தெரியாத வலியில் சிலருக்கு உதவலாம். நவீன மருத்துவத்திலும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சிக்கு இடம் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் மாதம் முழுக்கப் பாலில் விளக்கெண்ணெய் குடி என்ற பழைய விதியை இன்று அப்படியே பின்பற்றுவது குடலுக்கு நல்லதல்ல. சூடான ஒத்தடத்தையும் விரையின் மேலேயே வைக்கக்கூடாது: உடலைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருப்பதே அதன் இயற்கை.

'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பிய மருத்துவரும் குற்றத்தில் பங்காளி. அவர் கண்டது ஆபத்தான எதுவும் இல்லை என்பதை. நோயாளியின் காதில் விழுந்தது வலியே இல்லை என்பது. ஸ்கேனில் தெரியாத நரம்பு வலியும் வலிதான். விந்துக்கொடியில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்த்து, அப்போது வலி அடங்கினால், நுண்ணறுவையால் அந்த நரம்பிழைகளைத் துண்டிக்கும் வழி இருக்கிறது. தேர்ந்தெடுத்த நோயாளிகளில் பெரும்பான்மையோருக்கு அது நிவாரணம் தருகிறது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்காத மருத்துவமனைதான் நோயாளியை லாட்ஜுக்கு வழியனுப்புகிறது. ஆனால் ஒருவர் செய்த தவறு இன்னொருவரின் கூற்றுக்குச் சான்றாகிவிடாது. அடுத்த வீட்டுக் கூரை ஒழுகுவதால் நம் கூரை ஒழுகவில்லை என்றாகுமா?

கடைசியாக, "முயன்று பார்ப்பதில் என்ன நஷ்டம்?" நஷ்டம் நோயைப் பொறுத்தது, அதனால்தான் நோய் எதுவென்று முதலில் தெரிய வேண்டும் என்கிறோம். தேர்ந்த கை தொட்டுப் பார்த்து, ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் முடிந்து, கட்டி இல்லை, காசநோய் இல்லை, கல் இல்லை, முறுக்கு இல்லை என்று ஆன பிறகு, பட்டம் பெற்ற வைத்தியரிடம் ரசமருந்து கலக்காத கஷாயத்தை வாங்கிக் குடிப்பவரைத் தடுக்க எந்த நியாயமும் இல்லை. அந்த வரிசை மாறினால்தான் கணக்கு மாறுகிறது. நாள்பட்ட வலிக்காரருக்கு ஒரு நாள் இரவு திடீரென்று வலி பன்மடங்காகி, வாந்தி வந்து, விரை மேலேறி நின்றால், அது முறுக்கிக்கொண்ட விரை. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை மேடைக்குப் போனால் பத்தில் ஒன்பது விரைகளைக் காப்பாற்றலாம். ஒரு நாள் கழிந்தால் பத்தில் ஒன்றைக் காப்பாற்றுவதும் கடினம். 'பழைய வாதம்தான், விடிந்ததும் தைலம் தேய்த்தால் அடங்கும்' என்று படுத்துக்கொள்பவருக்கு அந்த ஆறு மணி நேரம் தூக்கத்திலேயே முடிந்துவிடுகிறது.